வீட்டு ஒத்தி

வீட்டு ஒத்தி என்பது, வீட்டு உரிமையாளருக்கு ஒரு தொகையை மொத்தமாகக் கொடுத்து, அத்தொகை திருப்பித் தரப்படும் வரை மாத வாடகை எதுவுமின்றி அவ்வீட்டில் குடியிருக்கும் முறை ஆகும். கொடுத்த பணத்துக்கு வட்டி கிடையாது. குடியிருக்கும் வீட்டுக்கு வாடகை கிடையாது. தவணை முடியும்போது பணம் முழுமையாகத் திரும்புகின்றது, வீடு உரிமையாளரிடம் திரும்புகின்றது. இந்தியாவின் தமிழ்நாட்டில் மதுரை, தேனி, திண்டுக்கல், விருதுநகர் முதலிய தென்மாவட்டங்களில் வாடகைக்கும் சொந்த வீட்டுக்கும் இடைப்பட்ட மூன்றாவது வழியாக இது பரவலாக வழங்குகின்றது.

வாடகை இல்லாத வீடு என்று இது பேச்சு வழக்கில் கூறப்பட்டாலும், பொருளியல் நோக்கில் அது சரியன்று. ஒத்திக்குக் குடிபோகின்றவர் குடியிருப்பவர் மட்டுமல்லர். வீட்டு உரிமையாளருக்குக் கடன் கொடுத்தவரும் ஆவார். அக்கடனின் வட்டியே வாடகையாகக் கழிகின்றது. ஆகவே ஒத்தியின் இலாப நட்டமும் பாதுகாப்பும், வீட்டின் வசதியை விட, அந்தக் கடன் எவ்வளவு உறுதியானது என்பதையே சார்ந்துள்ளன.

சொல்லும் வழக்கும்

ஒத்தி என்பது ஒற்றி என்ற பழைய தமிழ்ச் சொல்லின் பேச்சு வடிவம் ஆகும். "பற்று" என்பது பேச்சில் "பத்து" என ஒலிப்பது போல, "ஒற்றி" என்பது "ஒத்தி" ஆயிற்று. மலையாளத்திலும் இச்சொல் ஒற்றி என்றே வழங்குகின்றது. ஈட்டுப் பொருளைக் கடன் கொடுத்தவரின் அனுபவத்தில் ஒப்படைத்து, அதன் பயனை வட்டிக்கு ஈடாக அவர் எடுத்துக்கொள்ள விடுவது இதன் அடிப்படைப் பொருள். வீடு மட்டுமன்றி நன்செய், தோப்பு, மரம் ஆகியவையும் ஒத்திக்கு விடப்படுவது உண்டு.

இதே முறை தமிழ்நாட்டின் வேறு பகுதிகளில் போக்கியம் எனவும், சென்னையிலும் பெருநகரங்களிலும் லீசு எனவும் அழைக்கப்படுகின்றது. இதனுடன் தொடர்புடைய சில சொற்கள் வருமாறு:

ஒத்திக்கு விடுதல்: உரிமையாளர் பணம் பெற்றுக்கொண்டு வீட்டை ஒப்படைத்தல்.
ஒத்திக்கு இருத்தல்: பணம் கொடுத்தவர் அவ்வீட்டில் குடியிருத்தல்.
ஒத்தியைத் திருப்புதல்: உரிமையாளர் பணத்தைத் திருப்பிக் கொடுத்து வீட்டை மீட்டல்.
அடமானம்: வீடு உரிமையாளரின் அனுபவத்திலேயே இருக்க, அதன் மீது வட்டிக்குக் கடன் பெறுதல். இதில் குடியிருக்கும் உரிமை கடன் கொடுத்தவருக்குச் செல்வதில்லை.
குத்தகை: திரும்ப வராத ஒரு தொகையை ஆண்டுக்கோ போகத்துக்கோ செலுத்திப் பயன்படுத்துதல்.

குத்தகைக்கும் ஒத்திக்கும் உள்ள வேறுபாட்டுக்குக் கம்பம் பள்ளத்தாக்கிலேயே பெயர்பெற்ற எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. முல்லைப் பெரியாறு அணைக்காக 1886 அக்டோபர் 29 அன்று திருவிதாங்கூர் அரசுக்கும் பிரித்தானிய இந்திய அரசுக்கும் இடையே 999 ஆண்டுகளுக்குக் கையெழுத்தான உடன்படிக்கை ஒரு குத்தகையாகும். நீர்த்தேக்கத்துக்கான 8,000 ஏக்கர் நிலத்துக்கு ஏக்கருக்கு ஆண்டுக்கு 5 ரூபாய் என வாடகை குறிக்கப்பட்டது. 1970 ஆம் ஆண்டு இது 30 ரூபாயாக உயர்த்தப்பட்டது. இங்கு செலுத்தப்படும் பணம் திரும்புவதில்லை. ஒத்தியில் பணம் முழுவதும் திரும்ப வேண்டும் என்பதே முதன்மையான வேறுபாடு.

நடைமுறை

இரு தரப்பும் ஒத்தித் தொகையையும் காலத்தையும் பேசி முடிவு செய்கின்றனர். காலம் பெரும்பாலும் ஓராண்டு முதல் மூன்று ஆண்டுகள் வரை அமைகின்றது. பணம் கைமாறும் நாளில் வீட்டின் சாவி ஒப்படைக்கப்படுகின்றது. மின்கட்டணத்தைக் குடியிருப்பவர் கட்டுவதும், வீட்டு வரியை உரிமையாளர் கட்டுவதும் வழக்கமான ஏற்பாடு எனினும், இது பத்திரத்தில் எழுதப்படுவதைப் பொறுத்தது. காலம் முடிந்ததும் பணத்தைத் திருப்பி வீடு மீட்கப்படுகின்றது, அல்லது இரு தரப்பும் ஒப்பினால் கூடுதல் தொகையுடனோ அதே தொகையிலோ ஒத்தி நீட்டிக்கப்படுகின்றது.

உரிமையாளர் தரப்பில் ஒத்தி ஒரு கடன் பெறும் வழியாகும். பிள்ளைகளின் திருமணம், கல்லூரிக் கட்டணம், மருத்துவச் செலவு, வீட்டின் மாடி கட்டுதல், கூடுதல் வட்டிக்கு வாங்கிய கடனை அடைத்தல் போன்றவற்றுக்காக வீடு ஒத்திக்கு விடப்படுகின்றது. வங்கிக் கடனுக்குத் தேவைப்படும் வருமானச் சான்றும் மாதத் தவணையும் இதில் இல்லை. குடியிருப்பவர் தரப்பில், கையில் மொத்தப் பணம் இருந்து மாத வருமானம் குறைவாகவோ நிலையற்றோ உள்ள குடும்பங்களுக்கு இம்முறை ஏற்றதாக அமைகின்றது. மாதந்தோறும் வாடகை தேட வேண்டியதில்லை; ஒத்திக் காலத்தில் வாடகை உயர்வும் இல்லை.

கம்பம் பள்ளத்தாக்கில் குடியிருப்புத் தெரிவு

தேனி மாவட்டத்தின் மேற்குப் பகுதியில், மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் மேகமலைத் தொடருக்கும் இடையே கம்பம் பள்ளத்தாக்கு அமைந்துள்ளது. லோயர் கேம்ப், கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் ஆகியவை இதன் முக்கிய குடியிருப்புகளில் சில. பெரியாற்று நீரால் 14,707 ஏக்கர் நிலம் இருபோக நெல் பாசனம் பெறுகின்றது. திராட்சை, தென்னை, வாழை ஆகியவையும் பயிராகின்றன.

இப்பள்ளத்தாக்கில் வேலை செய்யும் இடமும் குடியிருக்கும் இடமும் ஒன்றாக இல்லாத குடும்பங்கள் பல. ஏலக்காய்த் தோட்டங்கள் மலைக்கு மேலே கேரள மாநிலத்தின் இடுக்கி மாவட்டத்தில் உள்ளன. பள்ளத்தாக்கில் குடியிருக்கும் தொழிலாளர்கள் குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு ஆகிய மலைப்பாதைகள் வழியாக விடியற்காலையில் ஜீப்புகளில் ஏறித் தோட்டங்களுக்குச் சென்று, மாலையில் திரும்புகின்றனர். தோட்டத்திலேயே லயங்கள் எனப்படும் தொடர்வீடுகளில் தங்குவதும் உண்டு. ஆனால் லயத்து வீடு வேலையுடன் சேர்ந்தது. வேலை முடியும்போது வீடும் முடிகின்றது. தமிழ்வழிப் பள்ளி, குடும்ப அட்டை, உறவினர், சொந்த ஊர் ஆகியவை கீழே இருப்பதால் குடும்பத்தைக் கீழே வைத்துவிட்டு மேலே வேலைக்குச் செல்வது நீண்டகால வழக்கமாகும்.

லோயர் கேம்ப்

லோயர் கேம்ப், குமுளி மலைப்பாதையின் அடிவாரத்தில், தேனியையும் கொல்லத்தையும் இணைக்கும் தேசிய நெடுஞ்சாலை 183 இல் அமைந்துள்ள ஊர் ஆகும். இது தேனி மாவட்டக் கூடலூர் நகராட்சியைச் சேர்ந்தது. (நீலகிரி மாவட்டத்தில் உள்ள கூடலூர் வேறு.) பெரியாறு நீர்த்தேக்கத்திலிருந்து குகைவழியாக வரும் நீர், மலைச்சரிவில் பெரிய இரும்புக் குழாய்களில் இறங்கி, இங்குள்ள பெரியாறு நீர்மின் நிலையத்தை இயக்குகின்றது. 1950களின் இறுதியில் இயங்கத் தொடங்கிய இந்நிலையம், ஒவ்வொன்றும் 35 மெகாவாட் திறன் கொண்ட நான்கு அலகுகளுடன் 140 மெகாவாட் திறன் பெற்றதாக அமைக்கப்பட்டது. பின்னர் அலகுகள் புதுப்பிக்கப்பட்டுத் திறன் உயர்த்தப்பட்டது. அணையைக் கட்டிய பொறியாளர் ஜான் பென்னிகுவிக்கின் நினைவு மண்டபம் 2013 ஆம் ஆண்டு இவ்வூரில் திறக்கப்பட்டது.

ஊரின் பெயரே இது பணியாளர் முகாமாகத் தோன்றியதைக் குறிக்கின்றது. மின்நிலையப் பணியாளருக்கு மின்வாரியக் குடியிருப்புகள் உண்டு. மலைச்சரிவுகள் வனத்துறையின் நிலமாகவும், ஆற்றோரமும் கால்வாய்ப் பகுதியும் அரசு நிலமாகவும் இருப்பதால், தனியார் பட்டா நிலம் விரிவதற்கு இடம் குறைவு. எனவே இவ்வூரில் வேலை பார்த்தவர் இவ்வூரிலேயே வீடு வாங்குவது எளிதன்று. கூடலூரும் கம்பமும் அடுத்தடுத்த தெரிவுகளாகின்றன.

வாரியக் குடியிருப்பில் வாழும் குடும்பத்துக்கு வீட்டுக் கேள்வி பெரும்பாலும் பணி ஓய்வுடன் எழுகின்றது. ஓய்வு பெற்றவர் குறித்த காலத்துக்குள் குடியிருப்பைக் காலி செய்ய வேண்டும். அதே நேரத்தில் பணிக்கொடை முதலிய ஓய்வுக்காலப் பயன்கள் மொத்தமாகக் கைக்கு வருகின்றன. மாத வருமானம் குறைந்து, மொத்தப் பணம் கூடும் இந்நிலையில் மூன்று வழிகள் உள்ளன: பணத்தை வங்கியிலிட்டு வாடகைக்கு இருப்பது, பணத்தை ஒத்தியாகக் கொடுப்பது, பணத்துடன் கடனும் சேர்த்து வீடு வாங்குவது. தோட்டத் தொழிலாளர் குடும்பத்திலும், சீட்டுப் பணமோ நகை விற்ற பணமோ சேரும்போது இதே கேள்வி எழுகின்றது. இரண்டு நிலைகளிலும் அத்தொகை பல ஆண்டுச் சேமிப்பாக இருக்கும். ஒரு முறை தவறினால் மீண்டும் சேர்ப்பது கடினம்.

மருத்துவமனை, கல்லூரி, சந்தை, பேருந்து ஆகியவற்றின் அண்மையும் இத்தெரிவைத் தீர்மானிக்கின்றது. மதுரை–போடிநாயக்கனூர் அகலப்பாதையில் தொடர்வண்டி 2022 ஆம் ஆண்டு தேனி வரையும், 2023 ஆம் ஆண்டு போடிநாயக்கனூர் வரையும் ஓடத் தொடங்கியது. கம்பம், கூடலூர், லோயர் கேம்ப் ஆகியவற்றுக்கு இருப்புப்பாதை இல்லை. வெளியூரில் வேலை பார்க்கும் பிள்ளைகளிடம் அடிக்கடி சென்றுவரும் முதியோர், இதனால் தேனியைத் தெரிவு செய்வதும் உண்டு. எந்த ஊர் பொருந்தும் என்று தெளிவாகாத முதல் சில ஆண்டுகளுக்கு, மாற்றிக்கொள்ள முடியாத கொள்முதலை விட வாடகையோ ஒத்தியோ ஏற்றது.

வாடகை, ஒத்தி, கொள்முதல்: கணக்கு

பின்வரும் எண்கள் கணக்கை விளக்குவதற்காக மட்டும் எடுத்துக்கொள்ளப்பட்டவை. எந்த ஊரின் விலை நிலவரத்தையும் குறிப்பவை அல்ல. ஒரு வீட்டின் விலை 20,00,000 ரூபாய், மாத வாடகை 4,000 ரூபாய், ஒத்தித் தொகை 5,00,000 ரூபாய், வங்கி வைப்பு வட்டி ஆண்டுக்கு 6.5% எனக் கொள்வோம். குடும்பத்தின் கையில் 5,00,000 ரூபாய் உள்ளது.

வாடகை: ஆண்டு வாடகை 48,000 ரூபாய். வங்கியிலிட்ட பணம் ஈட்டும் வட்டி 32,500 ரூபாய். நிகரச் செலவு ஆண்டுக்கு 15,500 ரூபாய். பணம் வங்கியில் இருப்பதால் அவசரத்துக்கு எடுக்கலாம்.

ஒத்தி: வாடகை இல்லை, வட்டியும் இல்லை. வாடகைக்கு இருப்பதை விட ஆண்டுக்கு 15,500 ரூபாய் மிச்சம். பத்திரத்தைப் பதிவு செய்தால் தமிழ்நாட்டில் அனுபவ ஈட்டுக்கு முத்திரைத் தீர்வை 4%, பதிவுக் கட்டணம் 1% என 25,000 ரூபாய் செலவாகும். இச்செலவைக் குடியிருப்பவரே ஏற்று, ஒத்திக்காலம் மூன்று ஆண்டுகள் எனின், ஆண்டுக்கு ஏறத்தாழ 8,300 ரூபாய் கழிந்து, மிச்சம் சுமார் 7,200 ரூபாயாகக் குறைகின்றது.

கொள்முதல்: முத்திரைத் தீர்வை 7%, பதிவுக் கட்டணம் 2% என 9% செலவு உண்டு. இந்தப் பதிவுக் கட்டணம் 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ளது. வழிகாட்டி மதிப்பும் 20,00,000 ரூபாய் எனின் இது 1,80,000 ரூபாய் ஆகும். கையிலுள்ள 5,00,000 ரூபாய் முன்பணமாகி, 15,00,000 ரூபாயை 9% வட்டியில் 20 ஆண்டுக் கடனாகப் பெற்றால் மாதத் தவணை சுமார் 13,500 ரூபாய். பதிவுச் செலவுக்குத் தனியே பணம் வேண்டும். மாதச் சுமை வாடகையைப் போல் மூன்று மடங்குக்கு மேல் ஆகும். ஆனால் இறுதியில் வீடு சொந்தமாகின்றது, நிலத்தின் விலையேற்றமும் உரிமையாளருக்கே சேர்கின்றது. ஓய்வு பெற்றவருக்கு இருபது ஆண்டுக் கடன் கிடைப்பது அரிது.

இக்கணக்கில் எளிய அளவுகோல் ஒன்று உண்டு. ஆண்டு வாடகையை ஒத்தித் தொகையால் வகுத்தால் ஒத்தியின் உள்வட்டி கிடைக்கின்றது. மேற்கண்ட எடுத்துக்காட்டில் 48,000 ÷ 5,00,000 = 9.6%. குடும்பத்தின் பணம் வேறெங்கும் இதை விடக் குறைவாகவே ஈட்டும் எனின் ஒத்தி இலாபம். கூடுதலாக ஈட்டும் எனின் வாடகையே இலாபம். உரிமையாளருக்கு இது 9.6% வட்டிக் கடனாகும். நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய் வட்டி, அதாவது ஆண்டுக்கு 24%, என்ற கைமாற்றுக் கடனுடன் ஒப்பிட்டால் இது அவருக்கு மலிவானது.

ஒத்திப் பணமே கடன் வாங்கியதாக இருந்தால் கணக்கு மாறிவிடுகின்றது. 12% வட்டிக்கு நகையை ஈடு வைத்து 5,00,000 ரூபாய் பெற்றால் ஆண்டு வட்டி 60,000 ரூபாய். இது வாடகையை விட 12,000 ரூபாய் கூடுதல். இரண்டு வட்டிக்கு வாங்கினால் ஆண்டுக்கு 1,20,000 ரூபாய் ஆகும். "வாடகை இல்லை" என்ற எண்ணத்தில் கடன் வாங்கி ஒத்திக்குப் போகும் குடும்பம், இவ்வாறு வாடகையைப் போல் இரண்டரை மடங்கு செலுத்த நேரிடுகின்றது.

பணவீக்கத்தால் ஒத்திப் பணத்தின் மதிப்புத் தேய்கின்றது என்பதும் உண்மையே. 5% பணவீக்கத்தில் மூன்று ஆண்டுகளுக்குப் பின் திரும்பும் 5,00,000 ரூபாயின் வாங்கும் திறன் இன்றைய 4,32,000 ரூபாய் அளவே இருக்கும். எனினும் வங்கியிலுள்ள முதலும் இவ்வாறே தேய்வதால், இழந்த வட்டியைக் கணக்கிட்ட பின் பணவீக்கத்தைத் தனியே மீண்டும் கழித்தல் பிழையாகும்.

சட்ட நிலை

1882 ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், பிரிவு 58 இல் அனுபவ ஈடு என்ற வகையை வரையறுக்கின்றது. ஈடு கொடுப்பவர் சொத்தின் அனுபவத்தைக் கடன் கொடுத்தவரிடம் ஒப்படைத்து, பணம் தீரும் வரை வாடகையையோ பயனையோ வட்டிக்கு ஈடாக அவர் அடைய அனுமதிப்பது அனுபவ ஈடு ஆகும். மரபான ஒத்தி இவ்வரையறைக்குள் அடங்குகின்றது.

பதிவு: நூறு ரூபாய்க்கு மேற்பட்ட தொகைக்கு இத்தகைய ஈடு, ஈடு கொடுப்பவர் கையெழுத்திட்டு, குறைந்தது இரு சாட்சிகள் சான்றொப்பமிட்டு, பதிவு செய்யப்பட்ட பத்திரத்தின் மூலமே செல்லும் (பிரிவு 59). வெறும் முத்திரைத்தாளில் எழுதிப் பதிவு செய்யாமல் விட்டால், கொடுத்த பணத்தைக் கடனாகக் கேட்கும் உரிமை இருக்கலாம். ஆனால் வீட்டின் மீது ஈட்டு உரிமை தோன்றுவதில்லை. வீட்டை வாங்குபவருக்கோ வங்கிக்கோ எதிராக அது நிற்காது.

மீட்பு: ஒத்திப் பணத்தைச் செலுத்தி வீட்டை மீட்கும் உரிமை உரிமையாளருக்கு எப்போதும் உண்டு. குறித்த நாளில் திருப்பாவிடில் வீடு ஒத்திதாரருக்கே சொந்தமாகும் என்று பத்திரத்தில் எழுதினாலும் அது செல்லாது. அனுபவ ஈட்டை மீட்பதற்கான 30 ஆண்டுக் காலவரையறை ஈடு எழுதிய நாளிலிருந்து தொடங்குவதில்லை என்று 2014 ஆம் ஆண்டு சிங் ராம் எதிர் சியோ ராம் வழக்கில் இந்திய உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது.

ஒத்திதாரரின் எல்லை: அனுபவ ஈடு பெற்றவர் என்ற நிலையில் மட்டும் அவர் வீட்டை விற்கக் கோரி வழக்குத் தொடுக்க இயலாது (பிரிவு 67). பணம் திரும்பும் வரை வீட்டில் இருக்கும் உரிமையே அவரது முதன்மைப் பாதுகாப்பு. உரிமையாளர் பணத்தைத் திருப்பித் தருவதாகத் தனிப்பட்ட முறையில் பொறுப்பேற்றிருந்தால் பணத்துக்காக வழக்குத் தொடுக்கலாம் (பிரிவு 68). ஆகவே அந்தப் பொறுப்பு பத்திரத்தில் தெளிவாக எழுதப்பட வேண்டும். வீட்டைச் சேதமின்றிப் பேணும் கடமையும் ஒத்திதாரருக்கு உண்டு (பிரிவு 76).

வாடகை தனிச் சட்டத்தின் கீழ் வருகின்றது. தமிழ்நாட்டின் நகர்ப்புறங்களில் 1960 ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்கு மாற்றாக, 2017 ஆம் ஆண்டு இயற்றப்பட்ட நில உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகள் மற்றும் பொறுப்புகள் முறைப்படுத்தல் சட்டம் 2019 பெப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்தது. இதன்படி வாடகை உடன்பாடு எழுத்தில் இருக்க வேண்டும். அது வாடகை அதிகாரியிடம் பதிவு பெற வேண்டும்.

இடர்கள்

பணம் திரும்பாமை: ஒத்திப் பணத்தைப் பெற்ற உரிமையாளர் அதைச் சேமித்து வைப்பதில்லை, ஒரு தேவைக்காகவே அவர் அதை வாங்கினார். எனவே ஒத்தி முடியும்போது, அடுத்து ஒத்திக்கு வருபவரின் பணத்தைக் கொண்டே முன்னவருக்குத் திருப்பித் தருவது பரவலான வழக்கம். அடுத்த ஆள் கிடைக்கும் வரை இச்சங்கிலி அறுவதில்லை. அவ்வூரில் வேலை குறைந்தாலோ, ஏலக்காய் விலை வீழ்ந்தாலோ, வீடு பழுதடைந்தாலோ அடுத்த ஆள் கிடைப்பது தாமதமாகின்றது. அப்போது குடும்பம் வெளியேற விரும்பினாலும் பணத்தை விட்டு வெளியேற முடியாது.

முன் ஈடு: வீடு ஏற்கெனவே வங்கியில் அடமானத்தில் இருந்தால் வங்கியின் உரிமையே முந்தியது. வாராக்கடன் ஏற்படும்போது, 2002 ஆம் ஆண்டின் சர்பாசி சட்டத்தின் கீழ் வங்கி உரிமையியல் வழக்குத் தொடுக்காமலே வீட்டைக் கைப்பற்றி ஏலமிடலாம். அந்நிலையில் ஒத்திதாரர் வீட்டையும் இழந்து, பணத்துக்கு உரிமையாளரைத் தேடும் நிலைக்கு ஆளாகின்றார்.

உரிமைக் குறை: கூட்டுக் குடும்பச் சொத்தில் ஒரு பங்குதாரர் மட்டும் கையெழுத்திட்டால் மற்றவர் பங்கை அது கட்டுப்படுத்தாது. பட்டா இல்லாத அரசு நிலத்தில் கட்டிய வீட்டுக்கு முறையான ஒத்திப் பத்திரம் பதிய இயலாது. அரசு ஒப்படை செய்த மனையிலும் கைமாற்றத்துக்குக் கட்டுப்பாடு இருக்கும்.

மறு ஒத்தி: ஒத்திதாரர் தம் உரிமையை வேறொருவருக்கு மாற்றி ஒத்திக்கு விடுவதும் உண்டு. உரிமையாளரின் எழுத்து ஒப்புதல் இல்லாதபோது இரண்டாவதாக வந்தவரின் நிலை மிகவும் வலுவற்றது.

பதிவுச் செலவை மிச்சப்படுத்துவதற்காகப் பெரும்பாலான ஒத்திகள் முத்திரைத்தாளில் மட்டும் எழுதப்படுவது இந்த இடர்கள் அனைத்தையும் பெரிதாக்குகின்றது. மேற்கண்ட எடுத்துக்காட்டில் மிச்சமாவது 25,000 ரூபாய். பாதுகாப்பின்றி நிற்பது 5,00,000 ரூபாய்.

ஒத்திக்கு முன் சரிபார்க்கப்படுபவை

கடன் கொடுப்பவர் ஒருவர் கேட்கும் கேள்விகளே இங்கும் பொருந்தும்:

சார்பதிவாளர் அலுவலகத்திலோ பதிவுத்துறை இணையத்தளத்திலோ பெறப்படும் வில்லங்கச் சான்று, முன் ஈடுகளையும் விற்பனைகளையும் காட்டுகின்றது.
மூலப் பத்திரத்தை நேரில் காணுதல் வேண்டும். நகல் மட்டுமே காட்டப்பட்டால் மூலம் வங்கியிலோ தனியாரிடமோ ஈடாக இருக்கக்கூடும்.
பட்டா, வீட்டு வரி இரசீது, மின் இணைப்பு ஆகியவை ஒரே பெயரில் உள்ளனவா எனவும், மற்றப் பங்குதாரர் உள்ளனரா எனவும் அறிய வேண்டும்.
வீட்டில் முன்பிருந்த ஒத்திதாரருக்குப் பணம் தீர்ந்து, பதிவான ஒத்தி எனின் அதை நீக்கும் இரசீதும் பதிவாகியிருக்க வேண்டும்.
பணத்தை வங்கி வழியாகக் கொடுத்தால் பணம் சென்றதற்குச் சான்று நிற்கின்றது.
பத்திரத்தில் காலம், திருப்பும் நாள், முன்னறிவிப்புக் காலம், பழுதுபார்க்கும் பொறுப்பு, உள்வாடகைக்கு விடும் உரிமை, தவறினால் பணத்துக்கு உரிமையாளரின் தனிப்பொறுப்பு ஆகியவை எழுதப்பட வேண்டும்.
குடும்பத்தின் சேமிப்பு முழுவதையும் ஒத்தியில் முடக்காமல், மருத்துவம் போன்ற அவசரத் தேவைக்கு ஒரு பகுதியைத் தனியே வைப்பது வழக்கமான முன்னெச்சரிக்கை ஆகும்.

பிற நாடுகளில்

யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டமான தேசவழமை, 1707 ஆம் ஆண்டு ஒல்லாந்தர் ஆட்சியில் எழுத்து வடிவில் தொகுக்கப்பட்டது. அதில் ஒற்றி ஈடு இடம்பெற்றுள்ளது. நிலத்தின் பயனை வட்டிக்கு ஈடாக அனுபவிப்பதே அங்கும் அதன் இயல்பு.

பண்டைய கிரேக்க, உரோமச் சட்ட மரபில் இதற்கு இணையான ஈடு ஆன்டிகிரெசிசு எனப்பட்டது. அப்பெயரின் வழிவந்த ஆன்டிகிரெட்டிகோ என்ற முறையில் தென் அமெரிக்க நாடான பொலிவியாவில் வீடுகள் இன்றும் விடப்படுகின்றன.

தென்கொரியாவில் ஜொன்சே எனப்படும் முறை, வீட்டு ஒத்தியை மிகவும் ஒத்தது. அங்கு வீட்டு விலையின் பெரும்பகுதி வைப்பாகக் கொடுக்கப்பட்டு, பொதுவாக இரண்டு ஆண்டுகள் வாடகையின்றிக் குடியிருக்கின்றனர். 1981 ஆம் ஆண்டின் வீட்டுக் குத்தகைப் பாதுகாப்புச் சட்டம் குடியிருப்பவருக்குப் பாதுகாப்பு அளிக்கின்றது. வைப்புத் தொகைக்கு உத்தரவாதம் பெறும் ஏற்பாடும் உண்டு. இருந்தும் 2022 ஆம் ஆண்டில் வட்டி உயர்ந்து வீட்டு விலை இறங்கியபோது, அடுத்த குடியிருப்பாளரின் வைப்பு முன்னவரின் வைப்புக்கு ஈடாகவில்லை. பல வீடுகளை வைப்புப் பணத்தாலேயே வாங்கியிருந்த உரிமையாளர்கள் பணத்தைத் திருப்ப இயலாமல் போயினர். மோசடிகளும் வெளிவந்தன. பாதிக்கப்பட்டோருக்கு உதவ 2023 ஆம் ஆண்டு தனிச் சட்டம் இயற்றப்பட்டது. சட்டப் பாதுகாப்பும் உத்தரவாதமும் உள்ள நாட்டிலேயே அடுத்தவர் பணத்தை நம்பிய சங்கிலி அறுந்தது. அத்தகைய உத்தரவாத ஏற்பாடு இல்லாத தமிழ்நாட்டு ஒத்தியில், பதிவு செய்யப்பட்ட பத்திரமும் உரிமையாளரின் திருப்பித் தரும் ஆற்றலுமே பாதுகாப்பாக உள்ளன.

இவற்றையும் பார்க்க

அடமானம்
குத்தகை
வில்லங்கச் சான்று
தேசவழமை
கம்பம் பள்ளத்தாக்கு
முல்லைப் பெரியாறு அணை